பாமினியின் அரிதாரம்

வலப்பனை என்ற இலங்கை ஊர்ப்பெயரைப் பாமினி எழுத்துருவில் அடிக்க ஏழு விசைகளைத் தட்ட வேண்டும்: டி (t), வை (y), ஜி (g), அரைப்புள்ளி, மறுபடி ஜி, ஐ (i), டி (d). வேர்ட் கோப்பில் அது 'வலப்பனை' என்றே தெரியும். அதைக் கொப்பி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் அந்த ஏழு விசைகளும் அப்படியே வந்து விழும். ஆறு ஆங்கில எழுத்துகள், இடையில் ஓர் அரைப்புள்ளி. "எழுத்து ஒடஞ்சிருச்சு" என்போம். உண்மையில் எதுவும் உடையவில்லை. கணினிக்குள் தொடக்கத்திலிருந்தே இருந்தது இதுதான்.

கொப்பி செய்யும்போது என்ன நடக்கிறது? வெட்டி ஒட்டும் இந்த வித்தை, 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மொட்டும் ஜிப்ஸி என்ற மென்பொருளுக்காக உருவாக்கியது. இன்றைய கணினிகள் ஒரு பத்தியைக் கொப்பி செய்தால் ஒரே பிரதியை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. எழுத்துரு, அளவு, நிறம், அட்டவணை எல்லாவற்றோடும் ஒரு பிரதி; இணையப் பக்கங்களுக்கான வடிவில் இன்னொன்று; எந்த அலங்காரமும் இல்லாத வெற்றுரையாக மற்றொன்று. ஒட்டப்படும் இடம் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான உலாவிகளில் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெற்றுரை மட்டும் வரும். வேர்டில் ஒட்டியதும் எட்டிப் பார்க்கும் சின்னப் பெட்டியிலும் அதற்கொரு தெரிவு உண்டு. நோட்பேடிலோ ஒட்டப்படும் பத்தியின் எழுத்துரு வந்து சேர்வதில்லை.

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது வெறும் வசதி. வேறிடத்திலிருந்து எடுத்த பத்தியின் நீல நிறமும் பெரிய எழுத்தும் ஒழிந்தால் போதும் அவருக்கு. பாமினியில் எழுதுபவருக்கோ நிறத்தோடு தமிழும் சேர்ந்து போய்விடுகிறது.

கணினி எழுத்தைச் சேமிப்பது எண்ணாக. ஆங்கிலச் சிறிய 'டி'க்கு (t) 116. பாமினி செய்தவர்கள் இந்த எண்ணைத் தொடவில்லை. அந்த எண்ணுக்குரிய படத்தை மட்டும் மாற்றி, 'டி' இருக்க வேண்டிய இடத்தில் 'வ'வை வரைந்து வைத்தார்கள். 256 இடங்களுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்த காலத்தில் அது கெட்டிக்காரத்தனமான வேலைதான். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டிய ஆண் அரிதாரத்தைக் கழுவியதும் பழைய ஆளாகிவிடுவதுபோல, எழுத்துரு என்ற பூச்சு போனால் 116 மறுபடியும் ஆங்கில எழுத்தே. ஒருங்குறியில் (யூனிகோட்) 'வ'வுக்கு 2997 என்று சொந்த எண் இருக்கிறது. எந்த எழுத்துருவைப் பூசினாலும் கழுவினாலும் அது 'வ'தான்.

எண் மட்டுமல்ல, வரிசையும் வேறு. 'னை' எழுதப் பாமினிக்காரர் முதலில் இணைக்கொம்பையும் பிறகு 'ன'வையும் தட்டுகிறார், கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில். ஒருங்குறி, ஒலிக்கிற ஒழுங்கில் 'ன'வை முதலிலும் கொம்பைப் பின்னாலும் வைக்கிறது. எனவே பழைய கோப்பை மாற்றுவதென்றால் எண்ணுக்கு எண் போட்டால் போதாது. கொம்புகளை இடம் மாற்றியும் வைக்க வேண்டும். சுரதா என்பவரின் பொங்குதமிழ், சென்னை என்எச்எம் நிறுவனத்தின் மாற்றி முதலிய மென்பொருள்கள் இந்த வேலையை நொடியில் செய்துவிடும்.

ஆனால் அவற்றுக்கும் ஓரிடத்தில் கண் தெரியாது. ஒரு தோட்டத்துப் பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் பாமினியில், பக்கத்தில் பழைய அடையாள அட்டை இலக்கங்கள், ஒன்பது எண்களும் முடிவில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'வி'யும். வேர்டில் எது தமிழ், எது ஆங்கிலம் என்பதை எழுத்துருவைப் பார்த்தே அறியலாம். வெற்றுரையாக ஒட்டியதும் அந்த அடையாளம் அழிந்துபோகிறது. எல்லாமே ஆங்கில எழுத்துகள். மாற்றிக்குள் போட்டால் பெயர்கள் சரியாக வரும், இலக்கங்களின் முடிவில் மட்டும் 'ஏ' வந்து குந்தியிருக்கும். பாமினியில் பெரிய 'வி'தான் 'ஏ'. இடையில் ஆங்கிலக் காற்புள்ளி இருந்தால் அது 'இ' ஆகிவிடும். எனவே கலப்புக் கோப்புகளில் தமிழ்ப் பகுதியைத் தனியே எடுத்து மாற்றிவிட்டு, அதன் பிறகே அலங்காரத்தைக் களைய வேண்டும். முறை தலைகீழானால் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து திருத்த வேண்டியதுதான்.

இதெல்லாம் தட்டச்சுக் கடையோடு முடிகிற சங்கதியல்ல. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் அச்சான கடிதம் கைக்கு வந்தால் சட்டம் நிறைவேறியதாகத் தோன்றும். ஆனால் பாமினியில் அடித்த கோப்பில் ஒருங்குறி விசைப்பலகையால் 'வலப்பனை' என்று தேடினால் அகப்படாது. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் ஆங்கில எழுத்துகளை உளறும். வலப்பனையோ மண்சரிவு எச்சரிக்கைப் பட்டியல்களில் அடிக்கடி இடம்பெறும் பிரதேசம். அப்படியோர் அறிவித்தலைப் பாமினியில் தயாரித்தால், ஒருங்குறிக்கு மாற்றாதவரை குறுஞ்செய்தியாக அனுப்ப வழியில்லை. படம் பிடித்துத்தான் அனுப்ப வேண்டும். சிக்னல் ஒரு கோடாக நிற்கும் தோட்ட லயத்தில் குறுஞ்செய்தி வந்து சேர்ந்தாலும் படம் சுழன்றுகொண்டே இருக்கும்.

ஒரு கோப்பு எப்படிப்பட்டது என்று சோதிக்க வல்லுநர் தேவையில்லை. ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் போதும். தமிழாக நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. பெரும்பாலும் என்கிறேன், ஏனெனில் வெற்றுரையிலும் சில கண்ணுக்குத் தெரியாத சங்கதிகள் ஒட்டிக்கொண்டு வரும். 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. சில தேடல்களில் ஒன்றைக் கேட்டால் மற்றது வராது.

இலங்கைக்கென்று எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்க் கணிமைத் தரம் இருக்கிறது. ஒருங்குறியும் 1991 முதல் இருக்கிறது. அப்படியிருந்தும் பாமினி நீடிப்பதற்கு விரல் பழக்கம் முக்கியக் காரணம். இருபது வருடம் அதில் அடித்த விரலை இனி மாற்று என்பது லேசில்லை. மாற்றவும் வேண்டியதில்லை. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசைமுறையைத் தெரிவுசெய்தால், டி (t) தட்டினால் 'வ'தான் வரும். உள்ளே போய் உட்காருவது மட்டும் 116 அல்ல, 2997.