வீட்டைச் சூடாக்க எது மலிவு? எக்ஸெல் சொல்லும் பதில்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. எக்ஸெல் தொகுப்பும் அதில் இருக்கிறது. ஆனால் அதை வைத்து வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் பலர். கனடாவில் டொரண்டோவைச் சுற்றி ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில் பெரிய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எந்த வழி மலிவு என்பதைப் பத்தே நிமிடங்களில் கணக்கிட்டுவிடலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதைச் செய்யலாம்.

கேஸ் கன மீட்டரில் வருகிறது. எண்ணெயும் புரொபேனும் லிட்டரில் வருகின்றன. மின்சாரம் யூனிட்டில் (ஒரு கிலோவாட் அவர்) வருகிறது. அளவுகள் வேறுவேறாக இருப்பதால் விலையை மட்டும் பார்த்து ஒப்பிட முடியாது. வீட்டுக்குள் வந்து சேரும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு எத்தனை சென்ட் செலவாகிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டின் தேவை எவ்வளவு?

பழைய கேஸ் பில்களை எடுங்கள். ஓராண்டில் 3,600 கன மீட்டர் செலவாகியிருப்பதாக வைத்துக் கொள்வோம். ஜூலை மாதம் சூடாக்கும் வேலை இல்லை. அந்த மாதம் செலவான 50 கன மீட்டர் குளியல் வெந்நீருக்கும் சமையலுக்கும் போனது. அதை 12 ஆல் பெருக்கினால் 600. இதைக் கழித்தால் மீதி 3,000. ஒரு கன மீட்டர் கேஸில் ஏறத்தாழ 10.4 யூனிட் வெப்பம் உள்ளது. உங்கள் பழைய ஃபர்னஸின் திறன் 80 சதவீதம் என்றால், 3000 x 10.4 x 0.80 = 24,960 யூனிட். இந்த எண்ணை எச்1 செல்லில் டைப் செய்யுங்கள்.

அட்டவணை அமைப்போம்

ஏ காலத்தில் எரிபொருளின் பெயர், பியில் விலை (சென்ட்), சியில் ஓர் அளவில் உள்ள வெப்பம், டியில் கருவியின் திறன் ஆகியவற்றைத் தாருங்கள். முதல் வரிசை தலைப்புகளுக்கு. இரண்டாவது வரிசையிலிருந்து இப்படி நிரப்புங்கள்:

கேஸ், புதிய ஃபர்னஸ்: 45, 10.4, 0.95
ஃபர்னஸ் ஆயில்: 160, 10.6, 0.85
புரொபேன்: 90, 7, 0.95
மின்சார ஹீட்டர்: 15, 1, 1
ஹீட் பம்ப்: 15, 1, 2.5

இங்குள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் பில்லில் உள்ள விலையை, விநியோகக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்துப் போடுங்கள். ஹீட் பம்பின் திறன் எப்படி 2.5 ஆகும் என்று கேட்கலாம். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது.

இனி இ2 செல்லில் =பி2/(சி2*டி2) என்ற பார்முலாவை அமையுங்கள். எஃப்2 செல்லில் =இ2*$எச்$1/100 என அமையுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்.) டாலர் குறி எதற்கு? பார்முலாவைக் கீழே இழுத்துக் காப்பி செய்யும்போது எச்1 மாறாமல் இருப்பதற்காக. இப்போது இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து ஆறாவது வரிசை வரை இழுத்து விடுங்கள்.

விடை என்ன சொல்கிறது?

எஃப் காலத்தில் ஆண்டுச் செலவு டாலரில் கிடைக்கும். புதிய கேஸ் ஃபர்னஸ் 1,137, ஆயில் 4,432, புரொபேன் 3,378, மின்சார ஹீட்டர் 3,744, ஹீட் பம்ப் 1,498. இந்த விலைகளில், கேஸ் இணைப்பு உள்ள வீட்டில் கேஸ்தான் மலிவு. கேஸ் குழாய் வராத ஊரில் ஹீட் பம்ப் மிகவும் மலிவு.

டி6 செல்லில் வேறு எண்களைத் தந்து பாருங்கள். 3.3 தரும்போது இரண்டும் ஏறத்தாழ சமமாகும். மிதமான குளிரில் ஹீட் பம்ப் அந்தத் திறனை எட்டும். கடுங்குளிரில் திறன் குறைந்துவிடும். எனவே இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் ஹீட் பம்ப், ஜனவரிக் குளிரில் கேஸ் என்று இரண்டையும் இணைத்தும் பயன்படுத்தலாம்.

விலை மாறினால் விடையும் மாறும். பி2 செல்லில் 60 தந்தால் ஹீட் பம்ப் முந்திவிடும். 2025 ஏப்ரல் 1 முதல் கனடாவில் கேஸ் மீதான நுகர்வோர் கார்பன் கட்டணம் நீக்கப்பட்டது. அதற்கு முன் போட்ட கணக்குகளை இப்போது நம்ப வேண்டாம். கேஸ் இணைப்பையே துண்டிப்பதாக இருந்தால் அதற்கான மாதாந்திர நிலைக் கட்டணமும் மிச்சம். அதையும் கணக்கில் சேருங்கள்.

வாங்கும் முன்

பழைய ஃபர்னஸுக்கு ஆண்டுச் செலவு 3,000 x 0.45, அதாவது 1,350 டாலர். புதியதற்கு 1,137. மிச்சம் 213 டாலர்தான். புதிய ஃபர்னஸ் 5,000 டாலர் என்றால் போட்ட பணம் திரும்ப 23 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த ஃபர்னஸே பழையதாகிவிடும். எனவே நன்றாக ஓடும் ஃபர்னஸை, விற்பவர் பேச்சைக் கேட்டு, கேஸ் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். மாறாக, மின்சார ஹீட்டரிலிருந்து 14,000 டாலர் ஹீட் பம்புக்கு மாறினால் ஆண்டுக்கு 2,246 டாலர் மிச்சம். ஆறேகால் ஆண்டில் பணம் திரும்பிவிடும்.

பெரிய வீட்டில் இதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கூரைக்கு அடியில் இன்சுலேஷன் போதுமா, கதவு ஜன்னல் இடுக்குகளில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். அவற்றைச் சரிசெய்தால் எச்1 எண் குறையும். சிறிய கருவியே போதுமானதாகிவிடலாம். கருவி பொருத்த வருபவரிடம் எஃப்280 முறைப்படி வெப்ப இழப்புக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டுக் கருவியின் அளவைச் சொல்பவரைத் தவிர்ப்பது நல்லது.

இந்த ஃபைலை மறக்காமல் சேவ் செய்து வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் திறந்து பி காலத்தில் புதிய விலைகளை மட்டும் மாற்றினால் போதும். மற்றதை எக்ஸெல் பார்த்துக்கொள்ளும்.