குதிரை வந்தது... லாடக்காரர் வரவில்லை!

தஞ்சை,

கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது. ஆனால் லாடம் கட்டத் தெரிந்த ஒரு ஆளைக்கூட வியாபாரிகள் கப்பலில் ஏற்றவில்லை. வர நினைத்தவர்களையும் வரவிடாமல் தடுத்தார்கள்!

ஏன் தெரியுமா? குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விலை போகும்!

1292-ம் ஆண்டு வாக்கில் நம் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ சொன்ன சங்கதி இது. சோழர் ஆட்சி முடிந்து, தஞ்சைச் சீமையும் பாண்டியர் கைக்குப் போயிருந்த நேரம். மன்னர் ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குவாராம். வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சாதாம். தீனி என்ன தெரியுமா? சோறும் வேகவைத்த இறைச்சியும்!

கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் வியாபாரிகளின் தந்திரம் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் லாடக்காரரே குதிரைக்கு வைத்தியரும்கூட.

சண்டிக் குதிரையா?

சேற்றில் உழுகிற மாட்டுக்கு லாடம் அவசியமில்லை. தார் ரோட்டில் ஓடுகிற குதிரையின் கதை வேறு. காணும் பொங்கலுக்குத் திருக்கடையூரில் நடக்கும் எல்கைப் பந்தயத்தில் மாட்டு வண்டியோடு குதிரை வண்டியும் பறக்கும். பார்க்கிறவர்கள் கண் சக்கரத்தில் இருக்கும். குளம்பை யார் பார்க்கிறார்கள்?

நன்றாக ஓடிய குதிரை திடீரென்று எட்டு வைக்கத் தயங்கும். கல்லு ரோட்டில் தடுமாறும். நின்றால் ஒரு முன்னங்காலை முன்னே நீட்டி ஓய்வு கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் மறுகாலை நீட்டும்.

"சண்டித்தனம் பண்ணுது, நாலு சாத்து சாத்து" என்பார்கள். சாட்டை விழும்.

சண்டித்தனம் இல்லை அய்யா, வலி! இரண்டு முன்னங்காலும் ஒன்றாக வலித்தால் குதிரை எந்தக் காலைத் தாங்கும்? அதனால் நொண்டுவதாகவே தெரியாது. எட்டுதான் குறுகிப்போகும்.

ராட்டினமும் கயிறும்

குளம்புக்குள்ளே பின்பக்கமாக, சின்னப் படகு போல ஒரு எலும்பு இருக்கிறது. நாவிகுலர் எலும்பு என்பார்கள். லத்தீனில் அதற்குச் சின்னப் படகு என்றே பொருள். காலின் பின்புறமாக இறங்கும் தடித்த தசைநார், கிணற்று ராட்டினத்தில் கயிறு போல இந்த எலும்பின் மேல் உரசித் திரும்பி, குளம்பின் அடி எலும்பில் போய்ப் பிடிக்கிறது.

குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்காலில்தான். குளம்பின் முன்பக்கத்தை நீளமாக வளரவிட்டு, குதிகாலைத் தாழவிட்டால் கயிறு இழுபடும். வருஷக்கணக்கில் இழுபட்டால் ராட்டினமும் தேயும், கயிறும் நையும்.

கண்டுபிடிப்பது எப்படி? கெட்டித் தரையில் வட்டமாக ஓடவிட்டால், உள்வட்டத்துக் கால் அதிகம் நொண்டும். டாக்டர் குதிகால் பக்கம் மரத்துப்போகும் ஊசி போட்டதும் அந்தக் கால் சரியாகி, மறுகால் நொண்ட ஆரம்பிக்கும்! பிறகு எக்ஸ்ரே.

இங்கேதான் லாடக்காரர் வருகிறார். நீண்டு வளர்ந்த முன்பக்கத்தைச் சீவிக் குறைக்க வேண்டும். லாடத்தின் முன்விளிம்பை மழுக்கி, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தினால் குளம்பு சுலபமாக உருண்டு எழும். குதிகாலுக்குத் தாங்கல் வேண்டுமானால் பின்பக்கம் வாய் மூடிய, முட்டை வடிவ லாடம். சில குதிரைக்கு ஆப்பு வைத்துக் குதிகாலைத் தூக்குவதும் உண்டு. ரொம்ப நாள் தூக்கியே வைத்தால் குதிகால் நசுங்கும், ஜாக்கிரதை!

மாட்டுக்கு லாடம் அடித்த கை மட்டும் இதற்குப் போதாது. மாட்டைக் கயிறு கட்டிச் சாய்த்து, பிளந்த குளம்புக்குக் காலுக்கு இரண்டு தகடாக அடிப்பார்கள். குதிரைக்கு நின்றபடியே, காலுக்கு ஒன்று. ஆணி ஒரு நூல் உள்ளே போனாலும் உயிர்ச்சதை!

ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்துக் கோணம் சொல்ல டாக்டர் உண்டு. அந்தக் கோணத்துக்கு இரும்பை வளைக்க ஆள் வேண்டுமே!

சுழி மட்டும் போதுமா?

குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். தஞ்சை சரஸ்வதி மகாலில் நகுலன் பெயரில் அஸ்வ சாஸ்திரம் இருக்கிறது. 1952-ல் அச்சிலும் வந்தது. சுழி பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே காலைத் தூக்கிக் குளம்பையும் பார்க்கலாம். வலி தெரியாமலிருக்கக் குதிகால் நரம்பை வெட்டிவிடும் ஆபரேஷனும் உண்டு. வலி போகும், நோய் போகாது. அப்படிப்பட்ட குதிரை தலையில் கட்டப்படாமல் இருக்க வேண்டுமே!

லாடம் மாற்றினால் எலும்பு புதிதாகிவிடாது. வலி குறையும், குதிரை நடக்கும். அவ்வளவுதான். குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் 6 வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, சீவி, மறுபடியும் கட்ட வேண்டும். கூலியும் அத்தனை தடவை!