திருத்தி மீண்டும் பரப்பப்படும் படத்தைக் கணினி அடையாளம் காண்பது எப்படி?

புதுதில்லி: சம்மதமின்றிப் பகிரப்பட்ட அந்தரங்கப் படத்தை, புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சமூக ஊடகங்கள் நீக்க வேண்டும் என 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் கூறின. ஆனால், அதே படத்தைச் சற்றே சுருக்கியோ, நிறத்தை மாற்றியோ மறுநாளே பதிவேற்றிவிட முடியும். அதுவும் பழைய படமே என்பதைக் கணினி எவ்வாறு அறிகிறது?

கோப்புகளை ஒப்பிடும் வழக்கமான ஹாஷ் முறை இங்கு உதவாது. ஒரு பிக்சல் மாறினாலும் அதன் விடை முற்றிலும் வேறாகிவிடும். எனவே, படத்தை அலைகளாகப் பிரிக்கும் கணித உருமாற்றங்கள் கையாளப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானது, டிசிடி எனப்படும் கொசைன் உருமாற்றம். பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட இம்முறையே ஜேபெக் படங்களுக்கும் அடிப்படை. இதற்காக அகமது 1972-இல் கோரிய நிதியை அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை வழங்கவில்லை என்பது வியப்புக்குரியது.

படத்தில் ஒளியும் நிழலும் பரந்து கிடக்கும் விதத்தைக் குறைந்த அதிர்வெண் அலைகள் காட்டுகின்றன. நுண்கோடுகளும் இரைச்சலும் உயர் அதிர்வெண்ணில் சேர்கின்றன. கோப்பைச் சுருக்கும்போது சிதைவது பெரும்பாலும் பின்னதே.

ஃபேஸ்புக் 2019-இல் பொதுப் பயன்பாட்டுக்கு அளித்த 'பிடிக்யூ' முறை இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. படம் 64-க்கு 64 என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டு, 256 குறைந்த அதிர்வெண் மதிப்புகள் எடுக்கப்படுகின்றன. இடைநிலை மதிப்பைவிட அதிகமானவை 1, ஏனையவை 0. இவ்வாறு கிடைக்கும் 256 இலக்கங்களே படத்தின் கைரேகை. இரு கைரேகைகளுக்கு இடையே 31 இலக்கங்கள் வரை வேறுபட்டாலும் ஒரே படமாகக் கருதலாம் என்பது பரிந்துரை.

கைரேகையிலிருந்து படத்தை மீட்டெடுக்க இயலாது என்பதால், பாதிக்கப்பட்டோர் அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'ஸ்டாப்என்சிஐஐ' தளத்தில், கைரேகை அவரவர் கைப்பேசியிலேயே கணக்கிடப்படுகிறது. இணைந்துள்ள நிறுவனங்களுக்கு எண் மட்டுமே செல்கிறது, படம் செல்வதில்லை.

எனினும், படத்தைச் சாய்த்தாலோ பெருமளவு வெட்டினாலோ இம்முறை தடுமாறுகிறது. சாய்வையும் அளவு மாற்றத்தையும் வெறும் இடப்பெயர்ச்சியாக மாற்றிவிடும் ஃபூரியர்-மெலின் உருமாற்றம் இதற்கு ஒரு தீர்வு. ஆனால், எத்தனை மாற்றங்களைப் பொறுத்துக்கொள்கிறதோ, அத்தனைக்குப் படங்களை வேறுபடுத்தும் திறன் குறைகிறது. தொடர்பில்லாத ஒருவரின் படமும் முடக்கப்படலாம். ஆகவே, வெட்டித் திருத்திய படம் மீண்டும் தென்பட்டால், அதற்குத் தனியே கைரேகை பதிவுசெய்வதே இப்போதைக்கு வழி.