மகள் பைலட் ஆக ஆசைப்படுகிறாளா?

தூத்துக்குடி வாகைக்குளத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் அக்கா வீடு. ப்ளஸ் டூ முடித்த அவள் மகள், "சித்தி, நான் பைலட் ஆகப்போறேன். லுஃப்தான்ஸாவுக்கே மனுப் போடப்போறேன்" என்றாள். அக்கா உடனே பாட்டியின் முத்துக் கம்மலை எடுத்துவிட்டாள், விற்பதற்கு! 1961-ஓடு முத்துக்குளிப்பே நின்றுபோன கரையில் அப்படி ஒரு ஜோடி இனிக் கிடைக்குமா?

"பொறுக்கா" என்றேன். பயிற்சிக்குப் பல லட்சம் ஆகும். பணம் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனை முடியட்டும். கண்ணாடி போட்ட பெண் என்றால் பயமில்லை. பார்வை அதனால் சரியானால் போதும். நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். பிறகு 200 மணி நேரம் பறந்து, தேர்வுகளும் எழுதி நம் நாட்டு உரிமம் வாங்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு அது மட்டும் போதாது. அங்கத்திய உரிமத்துக்குத் தனியாகத் தேர்வு எழுத வேண்டும்; அங்கே வேலை பார்க்கும் உரிமையும் இருக்கிறதா என்று பெரும்பாலும் கேட்பார்கள். ஆகவே முதல் மனு இந்தியாவிலேயே இருக்கட்டும். பிரேம் மாத்தூர் பல கம்பெனிகள் மறுத்த பிறகுதான் ஹைதராபாத் டெக்கான் ஏர்வேஸில் சேர்ந்தார்.

கம்மல் மறுபடி டப்பாவுக்குள் போயிற்று. பெண்ணைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள் அக்கா.