பளபளக்கும் காசெல்லாம் புரூஃப் நாணயமா?



பளபளவென்று ஒரு காசைக் காட்டி, "இது புரூஃப் நாணயம், நாளைக்கே லட்ச ரூபாய்க்குப் போகும்" என்று விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சேமிப்புப் பணத்தை எடுத்து அதில் போடுவதற்கு முன், புரூஃப் என்றால் என்னன்னு தெரிஞ்சுக்கலாம் வாங்க.

நம்ம பெரம்பூருக்குக் கிட்டத்தில் தங்கசாலை இருக்கிறதே, முன்பு அங்கே நாணயம் அடித்ததால் வந்த பேர்தான் அது. அந்தச் சாலை 1869-ல் மூடப்பட்டது. இன்று நாணயம் அடிப்பது மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் உள்ள அரசு நாணயச் சாலைகள்தான்.

நாம் கடையில் கொடுக்கும் காசை மெஷின் ஒரே அடியில் அடித்துத் தள்ளிவிடும். காசுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மூட்டையாகி, பேங்க் வழியாக நம் கைக்கு வருகின்றன. அதனால் புத்தம்புதுக் காசிலும் சின்னச் சின்னக் கீறல் இருக்கும். புரூஃப் நாணயத்துக்கு அச்சையும் வில்லையையும் முதலிலேயே மெருகேற்றி, ஒவ்வொன்றாக வைத்து, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். சேகரிப்பவர்களுக்காகவே செய்வது இது. அதே 5 ரூபாய்தான், ஆனால் விற்பது கூடுதல் விலைக்கு.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பாருங்க. வெற்று இடம் கண்ணாடி மாதிரி இருக்கும், உங்கள் விரல் அதில் தெரியும். ஆனால் தலைவர் உருவமும் எழுத்தும் அரிசிமாவு தூவியது போல வெளுத்து, மங்கலாக நிற்கும். இந்த இரண்டும் சேர்ந்திருக்கணும். விளிம்பும் எழுத்தின் ஓரமும் கத்தி வெட்டியது போல கூர்மையாக இருக்கும்.

சாதாரணக் காசைப் பாலிஷ் போட்டிருந்தால் உருவமும் சேர்ந்தே மின்னும். வருஷக்கணக்கில் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கைப் பாருங்க, பூவேலை மழுங்கியிருக்கும் இல்லையா? அதே கதைதான் இங்கேயும். ஒரே பக்கமாக ஓடும் மெல்லிய கோடுகளும் தெரியும்.

பெட்டியைப் பார்த்தும் நம்பிடாதீங்க. புழக்கத்துக்கு விடாத சாதாரணப் புதுக்காசையும் நாணயச் சாலைகள் அழகான உறையில் போட்டு விற்கின்றன. அது புரூஃப் ஆகாது.

அண்ணா நூற்றாண்டுக்காக 2009-ல் வந்த 5 ரூபாய் நம் சுருக்குப்பையிலும் புழங்கியது. சுருக்குப்பையில் வந்தது சாதாரணக் காசு, அதற்கு மதிப்பு 5 ரூபாய்தான். கலைஞர் நூற்றாண்டுக்காக 2024-ல் வெளியிட்ட 100 ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு வந்ததே இல்லை. அதன் எடை 35 கிராம், அதில் பாதி வெள்ளி. யாராவது விலை சொன்னால், பதினேழரை கிராம் வெள்ளி இன்றைக்கு என்ன விலை என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்க. மீதி விலை சேகரிப்பவரின் ஆசைக்குத்தான்.

"உங்க பழைய காசுக்கு லட்சம் தர்றோம், முதலில் கமிஷன் கட்டுங்க" என்று ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லிப் போன் வந்தால் ஒரு பைசா கூட அனுப்பாதீங்க. தாங்கள் அப்படி யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

நிஜமான புரூஃப் நாணயம் வீட்டில் இருந்தால், டப்பாவை விட்டு வெளியே எடுக்காமல் வையுங்க. எடுத்தே ஆகணும் என்றால் ஓரத்தைப் பிடித்து எடுங்க. கைரேகை பட்டாலே கறை படியும். அதைத் துடைக்கிறேன் என்று துணி, சாம்பல், புளி எதுவும் தொடக்கூடாது. தேய்த்த அன்றைக்கே பாதி விலை போயிடும்.