மேய்ச்சற்றரையில் மாடுகளுக்கு வைக்கோல் ஊட்டும் முறை

வரண்ட வலயத்தில் மாசி, பங்குனி மாதங்களிற் காலபோக அறுவடை முடிந்ததும் வைக்கோல் வயலிலே குவிந்து கிடக்கும். அதனைத் தீயிட்டுக் கொளுத்துவோரும், மழையில் நனைந்து மக்கவிடுவோரும் பலர். ஆனி முதற் புரட்டாதி வரை புற்றரைகள் கருகிக் கிடக்கும்போது அதே கமக்காரரின் மாடுகள் எலும்புந் தோலுமாகி, பால் வற்றி, சினைப்படாது போகின்றன. வைக்கோலைப் பேணி, வீணாக்காது ஊட்டினால் இந்நட்டத்தைத் தவிர்க்கலாம்.

சேமித்தல்

ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 5 கிலோகிராம் வீதம் 4 மாதங்களுக்கு 600 கிலோகிராம் வைக்கோல் வேண்டும். அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலை வெயிலில் நன்கு உலர்த்தி, உடனே சேர்த்தல் வேண்டும். தடிகளாலான மேடையின்மீது போர் வைத்து, உச்சியைக் கூம்பாக்கி, கிடுகு அல்லது படங்கினால் மூடுக. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குக் கொடுத்தலாகாது.

ஊட்டுதல்

வைக்கோலை வெறுந்தரையில் எறிந்தால் மாடுகள் அதனை மிதித்து, அதன்மேற் படுத்து, சாணமுமிட்டுப் பாழாக்கும். சாணம் பட்ட தீனியினாற் குடற்புழுக்களும் பரவும். ஆதலின் மூங்கில் அல்லது தடிகளைக் கொண்டு, மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் உள்ள கூடு ஒன்று அமைத்தல் நன்று. அதன் அடி தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருத்தல் வேண்டும். வைக்கோலை வாயால் இழுத்தெடுக்கவும், தலை சிக்காதிருக்கவும் ஏற்றதாகத் தடிகளுக்கிடையே ஏறத்தாழ 4 அங்குல இடைவெளி விடுக. சிந்துவதைத் தாங்க, கூட்டின் கீழே ஒரு தட்டு அமைக்கலாம்.

வலிய மாடுகள் மெலிந்தவற்றை விரட்டும். ஆகவே மாடொன்றுக்கு 2½ அடி இடம் ஒதுக்குக. இரு பக்கமும் நின்று தின்னத்தக்க 10 அடி நீளக் கூடு 8 மாடுகளுக்குப் போதுமானது. கன்றுகளுக்கு வேறொரு கூடு அமைத்தல் நன்று. ஒரே தடவையில் நிரப்பாது, காலையும் மாலையும் தின்னுமளவே இடுக. கட்டுக் கம்பியையும் கயிற்றையும் முன்னரே அகற்றிவிடுக. விழுங்கிய கம்பி மாட்டின் இருதயத்தைத் துளைத்து உயிரைப் போக்கக்கூடும்.

கூட்டை மேட்டு நிலத்தில், நிழலில் வைக்கவும். சில நாட்களுக்கொருமுறை இடம் மாற்றினால் தரை சேறாகாது. எருவும் ஓரிடத்திற் குவியாது பரவும். முன்பிருந்த இடத்திற் கிடக்கும் கழிவையும் சாணத்தையும் கூட்டெருவாக்கி மரக்கறிப் பாத்திகளுக்கு இடலாம்.

துணைத் தீனி

வைக்கோலிற் புரதம் மிகக் குறைவு. வைக்கோல் மட்டும் தின்னும் மாடு வயிறு நிறைந்தும் மெலியும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை, இப்பிலிப்பில் ஆகியவற்றின் குழைகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சீமைக்கிளுவைக் குழையைச் சில மணிநேரம் வாடவிட்டுக் கொடுத்தால் மாடுகள் விரும்பித் தின்னும். உலர்ந்த தீனி தின்னும் மாட்டுக்கு நீர் மிகுதியாகத் தேவை. ஆதலாற் சுத்தமான நீர் எந்நேரமும் கிடைக்கச் செய்தல் அவசியம்.

அறுவடைக் களத்தில் எரியும் வைக்கோல், ஆடி மாதத்தில் உங்கள் பட்டிக்கு வேண்டிய உணவாகும். தீயிடுமுன் மாடுகளை எண்ணிப் பாருங்கள்.