பெருக்க மரத்தடியில் சற்று நில்லுங்கள்

ஐப்பசி மழை வலுக்குமுன் பிள்ளைகளோடு வேன் பிடித்து மன்னாருக்குப் புறப்படுகிறீர்களா? பாலத்துக்கு முன்னே வங்காலைச் சதுப்பில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் காலம் இது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

தீவுக்குள் பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில் இறங்குங்கள். 1477-இல் அரபு வணிகர் நட்டதாகச் சொல்வர். சுற்றளவு 19.5 மீட்டர், உயரமோ ஏழரை மீட்டர்தான். பிள்ளைகள் கைகோத்து அளக்கட்டும்.

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவினர் பலர் கடல்வழியே கற்பிட்டியில் கரையேறினர். புத்தளத்தில் பிறந்த பிள்ளை அந்தக் கதையை உம்மும்மாவின் வாயால் இந்த நிழலில் கேட்கட்டும். வெறுப்பை ஊட்ட அல்ல, வேரை அறிய.

சோற்றுப் பொதியை அவிழ்க்கையில் தெருநாய் வந்து நின்றால் கல்லெறிய விடாதீர்கள். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸை நாம் அறிவோமே! சிரட்டையில் கொஞ்சம் தண்ணீர் வையுங்கள்.